அளவுச்சொல் அமைந்த வினாக்களின் பொருள்

1. சிக்கல்

கீழ்வரும் வினாவை எடுத்துக்கொள்வோம்.

(1) ஒவ்வொரு மாணவரும் எந்தப் புத்தகத்தைப் படித்தார்?

இதற்கு மூன்று வகையான விடைகள் பொருந்தும். 'அகராதியை' என்று ஒரே நூலைச் சுட்டி முடிக்கலாம். மாணவர் அனைவர்க்கும் பொதுவான நூல் ஒன்று உண்டு என்பது அவ்விடையால் பெறப்படும். 'தம் ஆசிரியர் எழுதியதை' எனலாம். இங்கு நூல் ஆளுக்கு ஆள் மாறலாம், மாறும் முறை மட்டும் ஒன்றே. 'கண்ணன் அகராதியை, வள்ளி இலக்கணத்தை, மணி அகராதியை' என்று ஆளையும் நூலையும் இணைத்துப் பட்டியலிடவும் செய்யலாம். இவற்றை முறையே தனிவிடை, சார்பு விடை, இணைப்பட்டியல் விடை என இக்கட்டுரை வழங்கும். சார்பு என்னும் சொல் கணிதத்தில் வழங்கும் பொருளிலேயே இங்கு ஆளப்படுகிறது: ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பொருளை ஒதுக்கித் தரும் விதி அது.

இவை ஒரே வினாவின் மூன்று விடைகளா, அன்றி ஒரே தொடரினுள் மூன்று வினாக்கள் ஒளிந்துள்ளனவா? 'கண்ணன் எந்தப் புத்தகத்தைப் படித்தான்?' என்று கேட்குமிடத்து இச்சிக்கல் எழுவதில்லை. 'அகராதியை' என்றாலும் 'தன் ஆசிரியர் எழுதியதை' என்றாலும் சுட்டப்படுவது ஒரு நூலே. 'ஒவ்வொரு', 'எல்லா', 'பெரும்பாலான', 'இரண்டு' முதலிய அளவுச்சொற்கள் வினாவினுள் புகும்போதே அது பிறக்கிறது. முறைசார் பொருண்மையியலார் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இதனை ஆராய்ந்து வருகின்றனர். மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் பங்குண்டு. ஆங்கிலம் பல இடங்களில் கேட்போரின் ஊகத்திற்கு விட்டுவிடும் வேறுபாடுகளைத் தமிழ் உம்மையாலும், வினாச்சொல் அடுக்காலும், சொல்வரிசையாலும் வெளிப்படையாகக் காட்டுகிறது. ஆகவே தமிழில் எழுதுவோர் எவ்வினாவைக் கேட்கிறோம் என்று முடிவு செய்தே தீரவேண்டும். அம்முடிவை விடைகளைக் கொண்டு எடுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. வினாவின் பொருள்

செய்தித்தொடர் ஒன்றின் பொருளை அறிதலாவது அது எந்நிலைமையில் உண்மையாகும் என்பதை அறிதல். முறைசார் பொருண்மையியல் இங்கிருந்தே தொடங்குகிறது. வினாவோ உண்மையும் அன்று, பொய்யும் அன்று. இவ்விடர்ப்பாட்டினின்று வெளியேறும் வழியை ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் சார்லஸ் ஹாம்ப்ளின் 1958ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் காட்டினார். ஒரு வினாவின் பொருளை அறிவது அதற்கு எவையெவை விடையாகும் என்பதை அறிவதே என்பது அவர் கொள்கை. 1973இல் இதனையே அவர் முறைப்படுத்தி, வினாவின் பொருள் விடையாகக்கூடிய கூற்றுகளின் கணம் என்றார். 'கண்ணன் எந்தப் புத்தகத்தைப் படித்தான்?' என்பதன் பொருள், 'கண்ணன் அகராதியைப் படித்தான்', 'கண்ணன் இலக்கணத்தைப் படித்தான்' என்றவாறு நூலுக்கொரு கூற்றாக விரியும் கணம்.

லௌரி கார்ட்டுனன் 1977இல் இக்கணத்தைச் சுருக்கி, உண்மையான விடைகளை மட்டும் அதில் வைத்தார். 'யார் வந்தார் என்பது அவனுக்குத் தெரியும்' என்னும்போது அவன் அறிந்திருப்பது உண்மை விடையைத்தான் என்பது அவர் காட்டிய காரணம். குரூனன்டைக், ஸ்டோக்ஹோஃப் என்னும் இருவர் 1984இல் ஆம்ஸ்டர்டாமில் அளித்த கூட்டு ஆய்வேட்டில் மேலும் ஒரு படி சென்றனர். வினா என்பது இருக்கக்கூடிய நிலைமைகள் அனைத்தையும் பிரித்துப் போடும் ஒரு பிரிவினை என்பது அவர்தம் கோட்பாடு. வயலில் வரப்பிட்டுப் பாத்தி பிரிப்பது போல, ஒவ்வொரு முழு விடைக்கும் ஒரு பாத்தி; நாம் உண்மையில் எந்தப் பாத்தியில் நிற்கிறோம் என்று சொல்வதே விடையிறுத்தல்.

தமிழ் மரபு வினாவையும் விடையையும் அருகருகே வைத்துப் பேசியிருப்பதை இங்கு நினைவுகூரலாம். நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுக்கிறது. ஆயின் அப்பகுப்பு வினவுவோரின் நோக்கத்தையும் விடையிறுப்போரின் போக்கையும் பற்றியது. ஹாம்ப்ளினின் கணமோ வினாத்தொடரின் உள்ளடக்கம் பற்றியது. 'ஆடுவாயா?' என்றதற்குக் 'கால் வலிக்கிறது' என்பது நன்னூல்வழி ஒரு விடை. ஹாம்ப்ளின்வழி அது கணத்தில் இல்லை, அதிலிருந்து 'ஆடமாட்டேன்' என்பதைக் கேட்போர் உய்த்துணர்கின்றனர். இரண்டையும் ஒன்றாக்க முயல்வதில் பயனில்லை. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்புகிறது எனக் கொள்வதே பொருந்தும்.

3. அளவுச்சொல் வினாவின்மேல் ஏறுமா?

ரிச்சர்ட் மான்டேகுவின் 1973ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப்பின் 'ஒவ்வொரு மாணவரும்' போன்ற தொடரை ஓர் ஆளின் பெயராகக் கொள்ளும் வழக்கம் ஒழிந்தது. அது மாணவர் எல்லார்க்கும் உரிய பண்புகளின் கணம். ஓரிடம் வெறுமையாக விடப்பட்ட செய்தித்தொடரின்மேல் அது ஏறி, அவ்விடத்தில் எந்த மாணவரை இட்டாலும் தொடர் உண்மையாகும் என்கிறது. இங்ஙனம் ஒரு சொல் தொடரின் எப்பகுதியைத் தனக்குக் கீழ்க் கொள்கிறதோ அப்பகுதி அதன் வீச்சு எனப்படும்.

இணைப்பட்டியல் விடைக்கு 'ஒவ்வொரு' என்பது 'எந்த' என்பதைத் தன் வீச்சினுள் கொள்ளவேண்டும். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே எடுத்து, 'இவர் எந்தப் புத்தகத்தைப் படித்தார்?' என்று கேட்பதாக அமையவேண்டும். ஆனால் அளவுச்சொல் ஏறுவதற்கு உண்மை பொய் உடைய தொடர் தேவை. 'இவர் எந்தப் புத்தகத்தைப் படித்தார்?' என்பதோ ஒரு கணம். பூட்டும் சாவியும் பொருந்தவில்லை.

கார்ட்டுனன் ஒரு வழி கண்டார். நேர்வினா ஒவ்வொன்றன் பின்னும் 'என்று கேட்கிறேன்' என்னும் பொருளுடைய பகுதி ஒலியின்றி நிற்கிறது என்று கொண்டால், 'கேட்கிறேன்' என்பது செய்தித்தொடராதலின் அதன்மேல் அளவுச்சொல் ஏறலாம். (1)இன் பொருள், 'ஒவ்வொரு மாணவரைப் பற்றியும், அவர் எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்று கேட்கிறேன்' என்றாகும். வழி எளிது, ஆனால் கதவு அகலமாகிவிட்டது. 'பெரும்பாலான மாணவர்கள் எந்தப் புத்தகத்தைப் படித்தார்கள்?' என்பது 'பெரும்பாலான மாணவர்களைப் பற்றித் தனித்தனியே கேட்கிறேன்' என்று பொருள்படவேண்டும். அவ்வாறு எவரும் பொருள் கொள்வதில்லை. எந்த மாணவர்களைப் பற்றிச் சொன்னால் 'பெரும்பாலான' நிறைவேறும் என்பதே தெரியாமல் விடையிறுப்போர் திகைப்பர். 'ஒரு மாணவரும்' என்று தொடங்கும் எதிர்மறை வினாவின் நிலை இன்னும் மோசம்: 'எந்த மாணவரைப் பற்றியும் கேட்கவில்லை' என்றாகிவிடும். எதையும் கேட்காத வினா வினாவாகாது.

மான்ஃப்ரெட் கிரிஃப்கா 2001இல் வெளியிட்ட கட்டுரை இவ்விடத்தில் நல்ல வெளிச்சம் தருகிறது. வினவுதல் ஒரு பேச்சுச்செயல். செயல்களை அடுத்தடுத்துச் செய்யலாம்: இதைக் கேட்டு அதையும் கேட்கலாம். ஆனால் 'இதைக் கேட்டேன் அல்லது அதைக் கேட்டேன்' என்று ஒரு செயலைச் செய்ய முடியாது. செய்யாமை என்பதும் ஒரு செயலன்று. 'ஒவ்வொரு' என்பது உள்ளபடி ஒரு நீண்ட 'உம்' தொடர்: கண்ணனும், வள்ளியும், மணியும். எனவே அது மட்டும் வினவுதல்மேல் ஏறுகிறது. 'பெரும்பாலான', 'சில' முதலியவை 'அல்லது' என்பதைத் தம்முள் கொண்டிருத்தலின் ஏறுவதில்லை. இவ்விளக்கம் நேர்வினாவைப் பொறுத்தவரை எனக்கு மனநிறைவு தருகிறது.

வினா மற்றொரு தொடரினுள் அடங்கி நிற்கும்போது நிலைமை மாறுகிறது. 'பெரும்பாலான மாணவர்கள் எந்தப் புத்தகத்தை எடுத்துச் சென்றார்கள் என்பதை நூலகர் கண்டறிந்துவிட்டார்' என்னும் தொடரில், ஆள்வாரியான பட்டியல் ஒன்று நூலகரிடம் இருக்கிறது என்னும் பொருள் கிடைக்கும். 'கண்டறி' போன்ற வினைகளின் கீழ்ப் பலவகை அளவுச்சொற்கள் பட்டியற்பொருள் தருவதையும், 'அறிய விரும்பு' போன்றவற்றின்கீழ் நேர்வினாவில் உள்ள கட்டுப்பாடே தொடர்வதையும் அன்னா சபோல்ச்சி 1997இல் எடுத்துக்காட்டினார். கண்டறியும்போது வினவுதல் என்னும் செயல் அங்கில்லை. கண்டறியப்பட்ட விடையே உண்டு. தமிழ்த் தரவும் இவ்வேறுபாட்டிற்கு மாறாக இல்லை.

'இரண்டு' என்பது தனி வகை. குரூனன்டைக்கும் ஸ்டோக்ஹோஃபும் இதற்குத் தெரிவுப்பொருள் உண்டென்றனர்: யாரேனும் இருவரைத் தெரிந்தெடுத்து அவர்களைப் பற்றி விடை கூறுக என்பது. 'இரண்டு மாணவர்கள் எந்தப் புத்தகத்தைப் படித்தார்கள்?' என்னும் தமிழ் வினாவில் எனக்கு இப்பொருள் தோன்றுவதில்லை. 'யாராவது இருவர் என்ன படித்தார்கள் என்று சொல்' என ஏவலாக மாற்றினால்தான் தோன்றுகிறது. 'ஏதேனும் இரண்டனுக்கு விடை தருக' என்று தேர்வுத் தாள்களில் அச்சாகும் தொடரே இப்பொருளின் இயல்பான இருப்பிடம். அதுவும் ஏவல்தான் என்பது கருதத்தக்கது.

4. சார்பு விடையும் சொல்வரிசையும்

'தம் ஆசிரியர் எழுதியதை' என்னும் விடை பட்டியலின் சுருக்கந்தானே என்று தோன்றலாம். அன்று. பின்வரும் உரையாடலைக் காண்க.

(2) எந்த மருமகனும் யாரை எதிர்த்துப் பேசுவதில்லை? - தன் மாமியாரை.

இங்குப் பட்டியல் விடைக்கு இடமே இல்லை. 'கண்ணன் இன்னாரை, மணி இன்னாரை' என்று தொடங்கினால் விடை வினாவோடு ஒட்டாது. சார்பு விடையோ இயல்பாக அமைகிறது. எலிசபெத் எங்டால் 1980களில் விரிவாக ஆராய்ந்த இவ்வகை விடைகள் பட்டியலினின்று வேறானவை என்பதற்கு எதிர்மறை அளவுச்சொல்லே சான்று.

ஆயினும் கணித நோக்கில் ஒவ்வோர் இணைப்பட்டியலும் ஒரு சார்பே: ஆளைத் தந்தால் நூலைத் தருகிறது. ஜென்னாரோ கியெர்கியா 1993இல் இவ்வுறவைப் பயன்படுத்தி, பட்டியற்பொருளைச் சார்பினின்றே வருவித்தார். அவர் கருத்துப்படி 'எந்தப் புத்தகம்' என்பதனுள் 'அவர்' என்பது போன்ற பதிற்பெயர் ஒன்று மறைந்துள்ளது. 'ஒவ்வொரு மாணவரும்' அப்பதிற்பெயரைப் பிணிக்கிறது. பிணிப்பு நிகழ வேண்டுமாயின் அளவுச்சொல் பதிற்பெயருக்கு மேலே இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுவாயான அளவுச்சொல் செயப்படுபொருள் வினாவோடு வந்தால் பட்டியல் விடை கிடைப்பதும், வினாச்சொல் எழுவாயாகி அளவுச்சொல் செயப்படுபொருளானால் கிடைக்காமையும் ராபர்ட் மே 1985இல் விவாதித்த ஒன்று. அதற்குக் கியெர்கியா தந்த காரணம் இது.

தமிழில் இக்கருத்தைச் சோதிப்பது எளிது, நம் மொழியில் செயப்படுபொருளை முன்னே கொணரலாம் ஆதலின்.

(3) எந்த மாணவர் ஒவ்வொரு புத்தகத்தையும் படித்தார்?
(4) ஒவ்வொரு புத்தகத்தையும் எந்த மாணவர் படித்தார்?

(3)க்கு 'வள்ளி' என்னும் தனிவிடையே என் செவிக்கு இயல்பு. (4)க்கு 'அகராதியைக் கண்ணன், இலக்கணத்தை வள்ளி' என்று பட்டியலிடலாம். வேற்றுமை உருபு மாறவில்லை, எழுவாய் மாறவில்லை. வரிசை மட்டுமே மாறியது. இனி, வினாவே இல்லாத இணையொன்றைக் காண்க.

(5) அவன் தாய் ஒவ்வொரு மாணவனையும் வாழ்த்தினாள்.
(6) ஒவ்வொரு மாணவனையும் அவன் தாய் வாழ்த்தினாள்.

(6)இல் அவரவர் தாய் அவரவரை வாழ்த்தியதாகப் பொருள் கொள்ளலாம். (5)இல் 'அவன்' வேறொருவன். (3)ஐயும் (5)ஐயும் ஒருபுறம் வைத்து, (4)ஐயும் (6)ஐயும் மறுபுறம் வைத்தால் கியெர்கியா கூறும் மறைந்த பதிற்பெயர் வெறும் கற்பனை அன்று என்பது புலனாகும். வினாவில் கண்ணுக்குத் தெரியாத பதிற்பெயரும் (5), (6)இல் தெரியும் பதிற்பெயரும் ஒரே விதிக்கு உட்படுகின்றன. தமிழ்ச் சொல்வரிசையைக் 'கட்டற்றது' என்று பாடநூல்கள் சொல்லிவிடுவதால் மொழிபெயர்ப்பாளர் (3)ஐயும் (4)ஐயும் மாற்றி மாற்றி எழுதுவதுண்டு. அளவுச்சொல்லும் வினாச்சொல்லும் ஒரே தொடரில் வருமிடத்து அந்தச் சுதந்திரம் இல்லை.

5. விடைகளை எண்ணுதல்

பிரிவினைக் கோட்பாட்டின் பெரும் நன்மை, பொருள் வேறுபாட்டை எண்ணிக்கையால் காட்ட முடிவதே. மாணவர் மூவர் (கண்ணன், வள்ளி, மணி), நூல்கள் இரண்டு (அகராதி, இலக்கணம்) எனக் கொள்வோம்.

'எல்லா மாணவர்களும் படித்த ஒரு புத்தகம் எது?' என்பதற்கு நூலுக்கு ஒன்றாக 2 விடைகளே உள்ளன. (1)ஐ இணைப்பட்டியற் பொருளில் கொண்டு, ஒவ்வொருவரும் ஒரே ஒரு நூலைப் படித்தார் என்று வைத்தால், இரண்டு நூல்களில் ஒன்றாக மூவர்க்கும் 2×2×2, ஆக 8 விடைகள். இனி வினாச்சொல்லை அடுக்குவோம்.

(7) ஒவ்வொரு மாணவரும் எந்தெந்தப் புத்தகத்தைப் படித்தார்?

அடுக்கு, 'ஒன்று மட்டும்' என்னும் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது. ஒருவர் அகராதியை மட்டுமோ, இலக்கணத்தை மட்டுமோ, இரண்டையுமோ படித்திருக்கலாம். ஆளுக்கு 3 வாய்ப்புகள், மொத்தம் 27. எழுவாயையும் அடுக்கு வினாவாக்கினால்?

(8) யார் யார் எந்தெந்தப் புத்தகத்தைப் படித்தார்கள்?

ஆள், நூல் என்னும் இணைகள் 6. ஒவ்வோர் இணையும் உண்டு அல்லது இல்லை. எனவே 64 விடைகள். ஒருவரும் எதையும் படிக்காத நிலைமையை வினவுவோர் எதிர்பார்ப்பதில்லை என விலக்கினால் 63.

27க்கும் 63க்கும் உள்ள இடைவெளியே இங்கு முதன்மையானது. (7)ஐக் கேட்பவர் மூவரும் எதையாவது படித்தனர் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு கேட்கிறார். (8)ஐக் கேட்பவர் அதனை ஏற்கவில்லை. யார் படித்தார் என்பதும் அவர் வினாவின் பகுதி. மணி எதையும் படிக்கவில்லை என்றால் (8)க்கு அவன் பெயரைக் கூறாமலே முழு விடை தரலாம். (7)க்கு அவ்வாறு தரமுடியாது. 'மணி ஒன்றும் படிக்கவில்லையே' என்று வினாவையே மறுக்க நேரும். வினவுவோர் உண்மையென முன்கொண்ட இச்செய்தியை முற்கோள் என்பர்.

ஆங்கிலத்தில் 'எந்த' என்பதற்கு நிகரான ஒருமை வினாச்சொற்கள் இரண்டு ஒரே தொடரில் வரும்போது, முதற்சொல் குறிக்கும் கணத்தில் ஒருவரும் விடுபடக்கூடாது என்னும் முற்கோள் அவ்வினாவிலும் உண்டு என்பதை இந்தி வினாக்களை மையமாகக் கொண்ட தம் 1996ஆம் ஆண்டு நூலில் வேனீதா தயால் சுட்டியுள்ளார். அதாவது அங்குப் பன்வினாவும் அளவுச்சொல் வினாவும் நெருங்கி நிற்கின்றன. தமிழில் அடுக்கு அவற்றை விலக்கி வைக்கிறது. ஆங்கில வழி ஆய்வுகளின் முடிவுகளை அப்படியே 'யார் யார்' மீது ஏற்றிவிடக்கூடாது என்பதற்கு இஃது ஒரு காரணம்.

'எல்லோரும்' இவ்விரண்டினின்றும் வேறு. 'எல்லோரும் என்னென்ன கொண்டுவந்தார்கள்?' என்றதற்குப் 'பழம், பூ, தேங்காய்' என்று பொருள்களை மட்டும் அடுக்கினாலும் விடை நிறைந்துவிடுகிறது. யார் எதை என்பது கூறப்படவேண்டிய கட்டாயமில்லை. 'ஒவ்வொருவரும் என்ன கொண்டுவந்தார்?' என்றதற்கு அவ்விடை போதாது. பன்மைப் பெயர்கள் உண்மையில் அளவுச்சொற்கள் அல்ல, அவை தரும் 'பட்டியல்' விடை வெறும் கூடுதல் விளக்கமே என்று 1992இல் கிரிஃப்காவும் தயாலும் (அப்போது ஸ்ரீவாஸ்தவ் என்னும் பெயரில்) தனித்தனியே வாதிட்டனர். 'எல்லோரும்' முற்றும்மை பெற்றிருந்தும் பன்மைப் பெயரின் பக்கமே சாய்கிறது. 'ஒவ்வொரு' மட்டுமே ஆளுக்கு ஆள் பிரித்துக் கணக்குக் கேட்கிறது.

6. உம்மை

தமிழ் வினாச்சொல்லின் தனித்தன்மை அதுவே அளவுச்சொல்லுக்கும் அடியாக நிற்பது. யார் - யாரும் - யாரோ - யாராவது. அடுத்துவரும் மூன்று தொடர்களை ஒப்புநோக்குக.

(9) எந்த மாணவரும் எந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை?
(10) எந்த மாணவரும் எந்தப் புத்தகத்தையும் படிக்கவில்லை.
(11) எந்த மாணவரும் எந்தப் புத்தகத்தையும் படிக்கவில்லையா?

(9) வினா, தனிவிடையோ சார்பு விடையோ பெறும், பட்டியல் பெறாது. ஓர் உம்மை கூடியதும் (10) செய்தியாகிவிடுகிறது. ஈற்றில் ஆகாரம் ஏறியதும் (11) மீண்டும் வினா, ஆனால் ஆம் இல்லை என்னும் இரண்டே விடைகளையுடைய வினா. ஹாம்ப்ளின் வழியில் இதனை விளக்குவது எளிது. 'எந்தப் புத்தகம்' என்பது எப்போதும் மாற்றுகளின் கணத்தையே தருகிறது. மேலே எவ்விடைச்சொல்லும் வந்து அக்கணத்தை மூடாவிடின் அது தொடர் முழுதும் பரவி வினாவாகிறது. உம்மை வந்து மூடினால் 'அனைத்தும்' என்றோ எதிர்மறையில் 'எதுவும் இல்லை' என்றோ ஆகிறது. மலையாளத்தில் இதற்கிணையான அமைப்புகளைக் கே. ஏ. ஜெயசீலன் 2001இலும், ஜப்பானியத்தில் கிராட்சரும் ஷிமொயாமாவும் 2002இலும் இத்திசையில் ஆராய்ந்தனர். தமிழ் உம்மைக்கு நன்னூல் கூறும் எட்டுப் பொருள்களுள் முற்று ஒன்று. நம் இலக்கணிகள் வினாச்சொல்லையும் முற்றும்மையையும் தனித்தனி இடத்தில் விதித்தமையால் இவை கூடுமிடத்து விளைவதைத் தனியே ஆராய வேண்டியுள்ளது.

முற்றும்மை பற்றி அவர்கள் கண்ட மற்றொன்று வீச்சுக் கோட்பாட்டிற்கே முன்னோடி எனத் தகும். முற்றும்மை சிலவிடத்து எச்சமாகவும் பொருள்படும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் விதிக்கிறது; உரையாசிரியர்கள் இதற்கு எதிர்மறைத் தொடர்களையே காட்டாகத் தருகின்றனர். 'பத்தும் கொடுக்காதே' என்பது ஒன்றும் கொடுக்காதே என்றும் பொருள்படும். சிலவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் கொடு என்றும் பொருள்படும். முன்னதில் முற்றும்மையின் வீச்சினுள் எதிர்மறை. பின்னதில் எதிர்மறையின் வீச்சினுள் முற்றும்மை.

7. மொழிபெயர்ப்பில்

நீதிமன்றத்தில் ஐவர் மீது வழக்கு. வழக்கறிஞர் சாட்சியைத் தமிழில் கேட்கிறார்: 'யார் யார் என்னென்ன ஆயுதம் வைத்திருந்தார்கள்?' சாட்சி, 'முருகனிடம் அரிவாள், செல்வனிடம் கம்பு' என்கிறார். இது முழு விடை. ஏனைய மூவரிடமும் ஆயுதம் இருந்ததாகச் சாட்சி கூறவில்லை, கூறவேண்டியதும் இல்லை. இவ்வினாவை, 'அவர்களுள் ஒவ்வொருவரும் என்ன ஆயுதம் வைத்திருந்தார்?' என்பதற்கு நிகரான ஆங்கிலத்தில் பதிவு செய்தால் இரண்டு தீங்குகள் நேரும். ஐவரும் ஆயுதம் தாங்கியிருந்தனர் என்னும் முற்கோள் யாரும் சொல்லாமலே ஏட்டில் ஏறிவிடும். சாட்சியின் நிறைந்த விடை மூவரை மறைத்த குறைவிடையாகத் தோன்றும். மேல்முறையீட்டில் அவ்வேட்டை மட்டுமே படிப்பவருக்கு இதனைக் கண்டறிய வழியில்லை.

மறுதிசையில் தவறும் உண்டு. 'ஒவ்வொருவரும்' என்று ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட வினாவை, காதுக்கு இனிது என்பதற்காக 'யார் யார்' என்று தமிழாக்கினால், வினவியவர் வைத்த முற்கோள் சாட்சியை எட்டுவதே இல்லை. அதனை மறுக்கும் வாய்ப்பையும் அவர் இழக்கிறார். எதிர்பார்க்கும் விடையை உள்ளேயே உணர்த்தும் வினாவிற்கு 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் வரையறை தந்து கட்டுப்பாடும் விதித்தது. அதனிடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் அத்தகைய விதி உண்டு. ஒரு வினா அவ்வகையினதா என்று எதிர்த்தரப்பு வாதிடும்போது வாதம் நடப்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் மீதே என்றால், முற்கோளை உள்ளது உள்ளவாறு கடத்துவது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகிறது. கணக்கெடுப்பு வினாநிரல்களுக்கும் இது பொருந்தும். 'குடும்பத்தினர் ஒவ்வொருவரும் என்ன தொழில் செய்கிறார்?' என்பதும் 'குடும்பத்தில் யார் யார் என்னென்ன தொழில் செய்கிறார்கள்?' என்பதும் வெவ்வேறு தரவுகளையே திரட்டும். முன்னதில் தொழில் செய்யாதவர் பெயரும் ஏட்டில் இடம்பெறும். பின்னதில் அவர் விடுபடுவார், பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்ணாகவே இருப்பார்.

சார்பு விடைகளை மொழிபெயர்க்கையில் பதிற்பெயரே காவல். ஆங்கிலத்தின் உடைமைப் பதிற்பெயர் 'தன்' என்பதற்கும் 'அவன்' என்பதற்கும் பொதுவாக நிற்கும். 'ஒவ்வொருவனும் யாருக்கு முதலில் செய்தி அனுப்பினான்?' என்றதற்குத் 'தன் அண்ணனுக்கு' என்றால் அண்ணன்மார் பலர். 'அவன் அண்ணனுக்கு' என்றால், முன்னே சுட்டப்பட்ட வேறொருவனின் அண்ணனாக ஒருவரே இருத்தல் கூடும். ஒன்று சார்பு விடை, மற்றது தனிவிடையாகிவிடும்.

மிகவும் விழிப்புத் தேவைப்படுவது 'இல்லை' என்னும் சிறு விடை. 'எல்லோரும் கையெழுத்திட்டார்களா?' - 'இல்லை.' பிரிவினைக் கோட்பாட்டின்படி இவ்வினாவிற்குப் பாத்திகள் இரண்டே. 'இல்லை' என்பது ஒருவரேனும் கையெழுத்திடவில்லை என்பதற்கு மேல் எதனையும் கூறாது. இதனை 'ஒருவரும் கையெழுத்திடவில்லை' என்று பதிவது பிழை. ஆனால் சாட்சி 'எல்லோரும் கையெழுத்திடவில்லை' என்று நீட்டிச் சொன்னால், உரையாசிரியர்கள் கண்ட அதே இருபொருள் மீண்டும் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டிய மொழிபெயர்ப்பாளர் ஊகித்து எழுதலாகாது. 'ஒருவருமே இடவில்லையா, சிலர் இட்டுச் சிலர் விட்டனரா?' என்று சாட்சியிடமே தெளிவு பெறுமாறு மன்றத்தை வேண்டி, அவ்விடையையே ஏட்டில் ஏற்றுதல் வேண்டும்.